சூடு பார்க்கிற கை

கார் பாலிஷுக்கு எந்த மெஷின் நல்லது என்று கேட்டு மாதத்துக்கு நாலு பேராவது எனக்குப் போன் செய்கிறார்கள். ஒன்று, புதிதாகக் கடை போடப் போகிறவர்கள். இல்லையென்றால் சொந்தக் காரைத் தாங்களே கண்ணாடி மாதிரி ஆக்கிவிடலாம் என்று கிளம்பியவர்கள். திருச்செங்கோட்டில் பதினாறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மெஷினில் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் நேராகச் சுற்றும். முரட்டு மெஷின். ஆழமான கீறலையும் சட்டென்று எடுத்துவிடும், ஆனால் சூடேறும். கொஞ்சம் அசந்தால் பெயிண்ட் வெந்துவிடும். டூயல் ஆக்‌ஷன் அப்படியில்லை. சுற்றிக்கொண்டே அதிரும், அவ்வளவு சுலபத்தில் எதையும் எரிக்காது. ஆனால் அதே கீறலுக்கு மூன்று மடங்கு நேரம் நிற்க வேண்டும், அந்த அதிர்வு முழுக்க நம் கையில்தான் இறங்கும். முதலாவது காரைக் கெடுக்கும், இரண்டாவது ஆளைக் கெடுக்கும். இவ்வளவும் பொறுமையாகச் சொல்லி முடித்தால், "அது சரிங்க, எதைத்தான் வாங்கறது?" என்பார்கள்.

நான் பத்திரமாக இருக்கட்டும் என்று டூயல் ஆக்‌ஷனுக்கு மாறியவன். நாளெல்லாம் அதைப் பிடித்துப் பிடித்து இரண்டு வருடமாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தான் போடவே நேரமாகும். டாக்டர் மெஷினைத் தொடாதே என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். என் மனைவியிடம் நான் இதைச் சொல்லவில்லை. ரோட்டரி ஓட்டுகிறவன் நிமிடத்துக்கொரு தரம் பெயிண்டைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். சூடு தெரியாத கையை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் இருக்க முடியாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது. சூட்டை எண்ணாகக் காட்டும் கருவி வந்துவிட்டதுதான். அதை வாங்கினால் ஏன் என்று மனைவி கேட்பாளே.

மல்லசமுத்திரத்து வாத்தியார் ஒருவர் கறுப்புக் கார் கொண்டுவந்து விட்டிருந்தார். பானட்டில் ஆட்டுக்குட்டிகள் ஏறி விளையாடியிருந்தன. காலை முழுக்க டூயல் ஆக்‌ஷனைப் போட்டும் குளம்புக் கீறல்கள் போகவில்லை. கடைசியில் ரோட்டரியை எடுத்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இடையிடையே நிறுத்தி விரல் வைத்துப் பார்த்தேன். சூடில்லை. மறுபடி ஓட்டினேன்.

துடைக்கப் போனவள் கையை உதறினாள். "ஏனுங்க, நிறுத்துங்க! கொதிக்குதுங்க!"

பானட் விளிம்பில் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் வெந்து, நடுவில் வெள்ளையாக அடிப்பூச்சு தெரிந்தது.

"இப்பத்தானுங்க தொட்டுப் பாத்தீங்க. சூடு தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது, தெரிஞ்சுது" என்றேன்.

அவள் என் விரல்களைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே எடுத்துவிட்டாள்.

"எத்தன நாளாங்க இப்படி?"

"ரெண்டு வருசமாச்சு."

சாயங்காலம் வாத்தியாரிடம் உள்ளதைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "பெயிண்ட் அடிச்சுக்கலாமுங்க. நீங்க மொதல்ல கையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மனைவி துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "போன மாசம் பாப்பா காச்சலடிக்குதுன்னு சொன்னப்ப, நீங்கதானுங்களே நெத்தியத் தொட்டுப் பாத்தீங்க?"

நான்தான். தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சாமி, பரிச்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்காத" என்று மகளை நானே பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். மதியம் அவள் மயங்கி விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. அங்கே போன பிறகுதான் காய்ச்சல் வந்திருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். "இல்லப்பா, காலைலயே சுட்டுச்சு" என்றாள் மகள். பொய் சொல்லாதே என்று அதற்கும் அவளைத் திட்டினேன்.