ரோபோவுக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் பூக்கட்டிப் பார்த்தது

மலக்குடலின் கடைசியில் புற்றுநோய்க் கட்டி என்று டாக்டரம்மா சொன்னபோது, "இம்புட்டு ஒடம்பு கெடக்கு, அதுக்குக் குடியேற அங்கதானா எடம் கெடச்சது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். என் மகன்கள் இருவரும் சிரிக்கவில்லை.

முதலில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். "இப்பவே ஆபரேஷன் பண்ணுனா ஆசனவாயக் காப்பாத்திரலாம். தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டரம்மா. அதற்கு இரண்டு வழி இருந்தது. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, கருவியைக் கையில் பிடித்துச் செய்வது லேப்ராஸ்கோப்பி. அதே துளைகள் வழியாக ரோபோவின் கைகளை விட்டு, டாக்டர் தள்ளி உட்கார்ந்து அவற்றை ஆட்டிவைப்பது இன்னொன்று.

"ரோபோ கை குறுகலான எடத்துல நல்லாத் திரும்பும். செலவு கூட. உங்களுக்கு ரெண்டுமே சரிதாம்மா" என்றார்.

இரண்டும் சரி என்றதுதான் வினையாயிற்று. ஆனையூரில் இருக்கும் பெரியவன் ரோபோ என்றான். என்னோடு இருக்கும் சின்னவன் லேப்ராஸ்கோப்பி என்றான்.

"மிசினு கையி அசங்காதுடா."

"கரண்டு போனா அந்தரத்துல நிக்கும்ணே."

"ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் இருக்குடா, கூமுட்டை."

"ஆளுக்குப் பாதியா அறுத்துக்கிருங்கடா" என்றேன்.

வழக்கப்படி, திருப்பரங்குன்றம் தாண்டி இருக்கும் குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ ரோபோ, சிவப்பு லேப்ராஸ்கோப்பி. இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, பேத்தியை ஒன்று எடுக்கச் சொன்னோம். சிவப்பு வந்தது. பெரியவன் முகம் தொங்கிப்போனது.

"ஆடி பொறந்துருச்சு. ஆவணி வரட்டும்மா, இன்னொருக்கா கேட்டுப் பாப்போம்" என்றான். அண்ணன் மனம் நோகக் கூடாதென்று சின்னவனும் தலையாட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதெல்லாம் "வாரோம், வாரோம்" என்று சொல்லிவைத்தோம்.

ஆவணியிலும் சிவப்புதான் வந்தது. அதற்குள் கட்டி மறுபடி வளர்ந்து, ஆசனவாயை இறுக்கும் தசையைப் பிடித்துவிட்டது. புது ஸ்கேனை டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெரியவன்தான் கேட்டான்: "இப்ப ரோபோ வச்சாக் காப்பாத்திரலாமா டாக்டர்?"

"எத வச்சாலும் முடியாதுங்க. ஆசனவாய எடுத்துட்டு மலம் போக வயித்துல வழி வைக்கணும். ஆயுசுக்கும் பைதான்."

லேப்ராஸ்கோப்பியில்தான் செய்தார்கள். கட்டி போய்விட்டது. வயிற்றில் பை இருக்கிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து ஆளோடு தோள் உரச உட்கார இன்னும் கூச்சமாக இருக்கிறது.

பெரியவன்தான் எனக்குப் பைகள் வாங்கி வருகிறான். ஒருமுறை அவற்றைப் பீரோவில் அடுக்கிக்கொண்டே, "அம்மா, அன்னைக்கே நான்..." என்று ஆரம்பித்தான். கண் கலங்கியிருந்தது.

"விட்றா. பஸ்சுல போனாக் கக்கூஸ் தேட வேண்டியதில்ல, எம்புட்டு வசதி!" என்றேன்.

அவன் சிரித்துவைத்தான். பீரோவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டான். அன்றைக்கு அவனைப் பேச விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.