சித்தி ஜெபித்த புதன்கிழமை

பொழிச்சலூரில் நாங்கள் இருந்த காலத்தில் எங்கள் சபைக்குப் பாதிரியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாட்களில் எல்லாமே மூப்பர் ஐயாதான். ரயில்வே அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார்மேல் கோபம் இருந்தாலும் நேரில் சொல்லமாட்டார், ஜெபத்தில் சொல்லுவார். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது யார் எதிர்த்துப் பேச முடியும்? பக்கத்து விமான நிலையத்துக்கு வரும் விமானம் தாழப் பறந்தால் சத்தம் அடங்கும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்குவார்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கணவரை இழந்து எங்களோடு இருந்தாள். துணி கம்பெனியில் தையல் வேலை. அங்கே வேலை செய்த ஒருவரை, அவரும் கிறிஸ்தவர்தான், மறுமணம் செய்துகொள்ள முடிவு செய்தாள். சர்ச்சில் நடக்கும் கோயில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை அறிவிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்பார்கள். மூப்பர் வாசிக்க மறுத்துவிட்டார்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிக்கலாம். இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார் அப்பா.

"ஒளிஞ்சி கட்டிக்க நான் இன்னா மாமா திருடினேன்? கோயில்லதான் நடக்கும்" என்றாள் சித்தி.

அந்தப் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. மூப்பர் மனைவியோடு வந்தார். எல்லோரும் பாயில் முழங்காலிட்டோம்.

"கர்த்தாவே, இந்த வீட்டில் ஒரு ஆத்துமா மாம்ச இச்சையில் தடுமாறுகிறது. கடைசிவரை விதவையாகவே உமக்கு ஊழியம் செய்ய அவளுக்கு அடக்கத்தைத் தாரும்" என்று மூப்பர் ஜெபித்தார்.

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். பழக்கதோஷத்தில் அம்மாவும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையான நான் கண்ணை மூடாததால் பார்த்தேன்.

"வேறு யாராவது ஜெபிக்கலாம்" என்றார் மூப்பர். வழக்கமாக யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அன்று சித்தி திறந்தாள்.

"ஆண்டவரே, மூப்பர் ஐயாவோட மொத சம்சாரம் தவறினப்போ, அவரத் தனியா வுட்டுடாம இந்த அம்மாவக் குடுத்தீரே, ஸ்தோத்திரம். அவுருக்கு எறங்கின மாதிரியே எனக்கும் எறங்கி ஒரு நல்ல மனுசனக் காட்டிகீறீர். வர்ற ஞாயித்துக்கெழம எங்க ஓலையப் படிக்க ஐயாவுக்கு நல்ல கொரலக் குடும்."

எந்த விமானமும் வரவில்லை. மூப்பர் தொண்டையைச் செருமினார். அவர் பேசுவதற்குள் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு "ஆமென்" வந்தது. மூப்பரின் மனைவி. பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் சொன்னார்கள்.

சபையே ஆமென் சொன்ன பிறகு மூப்பருக்கு வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓலையை யாருக்கும் புரியாத வேகத்தில் வாசித்தார். சித்தி எழுந்து நின்று, "ஐயா, பின்னாடி கேக்கலியாம்" என்றாள். மறுபடியும் வாசித்தார்.

அந்த மூன்று ஞாயிறும் மூப்பரின் மனைவி வரவில்லை. ஜுரம் என்றார் மூப்பர். கல்யாணத்துக்கும் வரவில்லை. சித்தி தூக்குச்சட்டியில் பிரியாணி போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டார்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சாப்பா? சித்தி என்ன கலர் புடவை?"

சொன்னேன். ஜுரம் விட்டதா என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுப்பா ஜுரம்?" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மூப்பர் வருகிறாரா என்று உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கோயிலுக்குப் போகாமல் தப்பிக்க நானும் அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லுவேன். பெரியவர்களும் அப்படித்தான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.