பாண்காரரின் மெட்டு

என் மகள் வயலினைக் கைவிட்டதற்குக் காரணம் நான்தான். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. சங்கீதப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. பயிற்சி சலிக்கக் கூடாதென்று யூடியூபில் தேடி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஸ்வர வரிசையையும் பத்துத் தரம் வாசிக்க வேண்டும். ஒரு தரம் முடிந்தால் ஒரு புளியங்கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றலாம். முடிவில் ஒரு ஸ்டிக்கர். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவள் கொட்டாவி விட்டபடி கொட்டைகளை மாற்றினாள்.

மாலை ஐந்து மணிக்கு, பேக்கரியிலிருந்து பாணும் பணிஸும் கொண்டுவந்து விற்கும் பாண்காரரின் ஆட்டோ ஒழுங்கைக்குள் வரும். அதன் ஸ்பீக்கரில் எந்நாளும் ஒரே மெட்டுத்தான். ஒருநாள் அது எங்கள் வீட்டுக்குள்ளிருந்தும் கேட்டது. சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கத்தான் சங்கீத ரீச்சர் பழக்கியிருந்தார். இவளோ பல்கனியில் நின்று, வயலினை நாடிக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வாசித்தாள். பாண்காரர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். அவள் முடித்ததும் அவர் மறுபடி போட்டார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி வாசித்தாள். ஒரு வாரத்துக்குள் சுருதி பிசகாமல் வந்துவிட்டது. கொட்டை எண்ண யாரும் தேவைப்படவில்லை.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சையில் பாண் மெட்டையா கேட்கப் போகிறார்கள்? கீழே இறங்கி, என் அரைகுறைச் சிங்களத்தில், பிள்ளையின் படிப்புக் கெடுகிறது, எங்கள் வீட்டடியில் பாட்டுப் போட வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சரியென்று தலையாட்டி, "ஹரி, மிஸ்" என்றார். மறுநாள் எங்கள் கட்டடத்தைச் சத்தமில்லாமல் கடந்து போனார்.

மகள் பல்கனியில் காத்து நின்றாள். "பாண்காரர் ஏன் பாட்டுப் போடேல்லை அம்மா?"

"எனக்கென்ன தெரியும்? வந்து வரிசையை வாசியுங்கோ."

அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பரீட்சையில் நல்ல புள்ளிகளோடு திறமைச் சித்தி கிடைத்தது. உறவினருக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னேன். அடுத்த நாளே அவள் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள், பிறகு தொடவேயில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் பாண்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், பாட்டைப் போடச் சொன்னேன். பாவம், மனிதர் ஒன்றையும் மனதில் வைத்திருக்கவில்லை. அன்று மாலை ஒழுங்கை முழுக்க அந்த மெட்டு அதிர்ந்தது.

பெட்டியை இறக்கி, வயலினை அவளிடம் நீட்டினேன். "பாண்காரர் போடுற பாட்டை ஒருக்கா வாசியுங்கோ பிள்ளை. அம்மாவுக்குக் கேக்க ஆசையா இருக்கு."

அவள் பல்கனிப் பக்கம் திரும்பவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வயலினின் தலையைக் கணுக்காலில் ஒழுங்காக ஊன்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தினை தரம் அம்மா?"