சுகுணா அக்காவின் பீரோவில் இருந்த டேப்

சுகுணா அக்கா போய்விட்டார். காலையில் பல் விளக்கிக்கொண்டே வாட்ஸ்அப்பைத் திறந்தேன்… மாரடைப்பாம். ஐம்பத்திரண்டு வயது.

சிம்மக்கல்லில் நாங்கள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் மாடி ஏ.சி. ரூம் அவருடையது. பேக்கப் டேப்புகளுக்கு அவர்தான் பொறுப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய பாட்டு கேசட் மாதிரிதான், கொஞ்சம் சதுரமாக, தடிமனாக இருக்கும். சென்டரில் எடுக்கிற ஸ்கேன் படங்கள் எல்லாம் அதில் ஒரு காப்பி ஏறும். சர்வர் படுத்துவிட்டால் அந்த டேப்தான் கதி.

ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு அட்டை வைத்திருப்பார். எந்தத் தேதி, யார் கொண்டு போனது, என்ன நிலை… எல்லாம் அதில் இருக்கும். ஜாதகம் என்றுதான் சொல்லுவார்.

"என்னக்கா, பொருத்தம் பாக்கப் போறீங்களா?" என்று கிண்டல் பண்ணுவேன்.

"சிரிக்காத முரளி. ஒழுங்கா வெச்சுக்கிட்டா முப்பது வருசம் இருக்கும். கீழ மட்டும் போட்ராத. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள போயிரும். அப்படியே போட்டாலும் எங்கிட்ட சொல்லிரு தம்பி. திட்ட மாட்டேன். இன்னொரு காப்பி எடுத்துக்கலாம்."

திட்ட மாட்டேன் என்றுதான் சொன்னார்…

வெளியே போய்த் திரும்புகிற டேப்பைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வந்தால் உள்ளே ஏதோ விலகிவிட்டது என்று அர்த்தம்.

சென்டர் தீப்பிடித்தாலும் படங்கள் பிழைக்க வேண்டும் என்று, வருடத்துக்கு ஒரு டேப் ஆரப்பாளையத்தில் முதலாளியின் லாட்ஜ் பீரோவுக்குப் போகும். அந்த வருடத்துப் படங்கள் மொத்தமும் அதில். கொண்டுபோவது நான்.

ஒரு சனிக்கிழமை… டவுன் பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கினேன். பை கைப்பிடி அறுந்து, டேப் தார் ரோட்டில் விழுந்தது. ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு போயிருந்தது. காதில் வைத்து ஆட்டினேன். கடக் என்றது.

திரும்பப் போய்ச் சொன்னால் இன்னொரு காப்பி எடுக்க நாலு மணி நேரம் ஆகும். எனக்கு மூன்று மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச். ஓப்பனிங் பேட்ஸ்மேன் வேறு.

அட்டையில் 'நல்ல நிலை – முரளி' என்று எழுதி, கமுக்கமாக பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். முதல் பந்திலேயே அவுட். நல்லா வேணும் எனக்கு.

எட்டு மாதம் கழித்து ஏ.சி. தண்ணீர் ஒழுகி சர்வர் போனது. லாட்ஜிலிருந்து டேப் வந்தது. அக்கா வழக்கம்போலக் காதோரம் வைத்து ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஏ.சி. ரிப்பேர்க்காரர்கள் போட்ட சத்தத்தில் அந்தக் கடக் கேட்டிருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் முயற்சி செய்தார். டேப் பாதியில் நின்று நின்று போனது; படங்கள் வரவில்லை. அப்பாவின் பழைய ஸ்கேன் கேட்டு வந்த ஒரு பொண்ணு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தது. 'ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் கேக்குறாருண்ணே' என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னது. அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா தன் வீட்டுக்கு போன் போட்டு சௌராஷ்டிர மொழியில் ரொம்ப நேரம் பேசினார். எனக்கு அந்த பாஷை தெரியாது. டேப் என்பதும் என் பெயரும் மட்டும் காதில் விழுந்தன.

மறுநாள் முதலாளி எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். "எப்படிப் போச்சு? எவன் பண்ணது?"

"டேப் பழசு சார். நாந்தான் பாத்து மாத்தியிருக்கணும்" என்றார் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. மாதக் கடைசியில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். பதினான்கு வருட சர்வீஸ்.

அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா? போனில் என்னைப் பற்றி என்ன சொன்னார்? ஒன்பது வருடமாக இதே நினைப்புதான். கேசட், டப்பா, மாத்திரை அட்டை… எது கையில் குலுங்கினாலும் காதோரம் கொண்டுபோய் ஆட்டிப் பார்க்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "எம்புட்டு எளைச்சுட்ட!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று, "அக்கா, அந்த டேப்பு…" என்று ஆரம்பித்தேன்.

"உன் பஸ் வந்துருச்சு பாரு. நின்னப்புறம் இறங்கு, என்ன? நான் வாரேன்."

ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கியதை நான் யாரிடமும் சொன்னதில்லையே…

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டிக்குள் அக்காவின் அதே முகம். அவர் வீட்டுக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு டப்பாவைக் கொடுத்தார்.

"பீரோல சேலைக்கு அடியில இருந்துச்சு தம்பி. யார்ட்டயும் குடுக்கச் சொல்லல. அட்டைல உங்க பேரு இருந்துச்சு, அதான்…"

அந்த டேப்தான். அட்டையில் 'நல்ல நிலை – முரளி' என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே அக்காவின் சிவப்பு மை: 'கீழே விழுந்தது.' முதலாளி எங்களை நிற்க வைத்துக் கேட்டாரே, அதற்கு முந்தின நாள் தேதி.

காதில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். அதே கடக்.

அந்த சென்டர் ஆட்கள் பத்துப் பேராவது என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கிறீர்கள். 'சுகுணாவோட அலட்சியம்' என்று டீ குடித்துக்கொண்டே பேசினோம். நானும் தலையாட்டினேன். தயவுசெய்து படியுங்கள். டேப்பைக் கீழே போட்டது நான். மறைத்ததும் நான்.

அக்கா… கீழ போட்டுட்டேன்க்கா. லேட்டாச் சொல்றேன்.

போயிட்டு வாங்க.