பன்னீர் நிறைந்த அரங்கில் ஒரு சொல்

கம்பியிலும் அலையிலும் செய்தி செல்லும் விதத்தை முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் நான். ஓய்வுக்குப் பின், அடையாற்று வீட்டின் சாப்பாட்டு மேசையில், மூலக்கூறுகளைக் கொண்டு செய்தி அனுப்பினேன். ஒரு முனையில் ஸ்பிரிட் எனும் ஆல்கஹாலைத் தெளிக்கும் தெளிப்பான்; மறுமுனையில் அதன் ஆவியை அறியும் உணரி; காற்றைத் தள்ள ஒரு சிறு மின்விசிறி. தெளித்தால் ஒன்று, தெளிக்காவிட்டால் சுழியம்; இவற்றின் வரிசையே எழுத்துகளாகும். முன் தெளித்தது காற்றில் தங்கிப் பின்வருவதைக் குழப்பும் என்பதால், இடையே எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டுரையும் எழுதினேன். அது தாளில் மட்டுமே நடக்கும் என்று என் பழைய சக பேராசிரியர் ஒருவர் பலரிடமும் சொல்லி வந்தார்.

மயிலாப்பூர் அரங்கு ஒன்றில், அனைவர் முன்னிலையிலும் செய்து காட்ட ஒப்புக்கொண்டேன். அந்தப் பேராசிரியர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்வார், தெளிப்பான் அனுப்பும், நான் மறுமுனைத் திரையை மட்டும் பார்த்து அச்சொல்லைக் கூற வேண்டும்.

அன்று திரையில் சுழியமே இல்லாமல் ஒன்று மட்டுமே தொடர்ந்து வந்தது. எப்போதும் ஒன்றே வருமானால் அதில் செய்தி இல்லை. தகவல் கோட்பாட்டின் முதல் பாடம் அது.

"ஏன் சார், உங்க காத்துக்கு ஒண்ணைத் தவிர வேற எதுவும் சொல்லத் தெரியாதா?" என்றார் அவர். அவை சிரித்தது.

அப்போதுதான் ரோஜா மணம் உறைத்தது. வாயிலில் வரவேற்ற அம்மாளை அழைத்து, ஏன் இவ்வளவு பன்னீர் என்று கேட்டேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, ஒருத்தரையும் விடாம தெளிக்கணும்னு. நாலு பாட்டிலும் காலி."

உண்மை. வந்தவர்களைக் கல்யாண வீட்டு மரியாதையோடு வரவேற்க விரும்பியவன் நானே. பாட்டிலை வாங்கிப் படித்தேன். அதில் ஆல்கஹால் கலந்திருந்தது. குளிரூட்டிய அரங்கில் அது வெளியேறவும் வழியில்லை.

கருவி பழுது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். தவறு என்னுடையது என்று ஒலிபெருக்கியிலேயே அறிவித்தேன். இதே காற்றில் செய்து காட்டுகிறேன் என்று, கதவைத் திறக்க எழுந்தவரையும் உட்காரச் சொன்னேன். காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதை விடுத்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் உணரி பார்க்கும்படி மாற்றினேன். காத்திருக்கும் நேரத்தை என் சமன்பாட்டின்படி நீட்டினேன். பேராசிரியர் மீண்டும் தட்டச்சு செய்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை.

"நதி" என்றேன்.

அவர் தான் தட்டச்சு செய்த திரையை அவைக்குத் திருப்பிக் காட்டினார்; அதே சொல். பிறகு மேசையருகே வந்து, "பன்னீர் இல்லாம இது வந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் சார்" என்றார்.

கட்டுரையின் திருத்திய பதிப்பில் அந்தச் சோதனையைச் சேர்த்திருக்கிறேன். பன்னீருக்கு உத்தரவிட்டவர் யார் என்பதையும் மறைக்கவில்லை.