கூண்டுக்குள் ஒரு குரல்

வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறார் அந்த அம்மா. அடுத்து கைக்கடிகாரம். அடுத்து செருப்பு. வெறுங்கையும் வெறுங்காலுமாய், மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி நிற்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்கிறார். “மைக்குக்கு நகை ஆகாதுண்ணே. மாமியார் மாதிரி. லேசா சிணுங்குனாலும் ஊருக்கே சொல்லிரும்” என்பார், வெளியே ஒலிப்பெட்டிக்கு முன்னால் குந்தியிருக்கும் மைக்காரனிடம்.

மொழிபெயர்ப்பது அவர் தொழில். எழுத்தில் அல்ல, வாயால், அதுவும் சுடச்சுட. மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, இவர் கூண்டுக்குள்ளிருந்து தமிழில் சொல்வார். ஆங்கிலம் எட்டாதவர்கள் காதில் மாட்டியிருக்கும் கருவியில் அது போய் விழும். தமிழில் ஒருவர் பேசினால் ஆங்கிலக்காரர்கள் கருவிக்கு இவரே ஆங்கிலம் ஊற்றுவார். பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. அவர் இப்போது சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே, சற்று முன் சொன்னதை வாயால் விட வேண்டும். காது ஒரு வண்டி, வாய் ஒரு வண்டி, பாதை ஒன்றுதான். முட்டக் கூடாது.

மைக்காரன் ஒருநாள் வீட்டில் இதைச் செய்து பார்த்தான். தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே திருப்பிச் சொன்னான், அதுவும் தமிழிலிருந்து தமிழுக்கு. நாலு வரி தாண்டவில்லை, நாக்கு குப்புற விழுந்தது. “நான் கூப்ட்டா கேக்காத காது, டிவிக்காரி சொன்னா மட்டும் ஒப்பிக்குதாக்கும்” என்றாள் அவன் பொண்டாட்டி. அன்றிலிருந்து கூண்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது அவனுக்கு.

அவன் கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாண வரவேற்புக்கும் மைக் கட்டியவன். எந்தத் தொண்டை எந்த நேரத்தில் பிசிறும் என்று தெரியும். ஆனால் இந்தக் கிருமி மாநாடுகள் வந்தால் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுவான். இந்த முறை காசநோய். திரையில் ஒரு படம் போட்டார்கள். கொட்டிவைத்த தீக்குச்சிகள் மாதிரி, இளஞ்சிவப்பில். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் இதில் இருபதுக்கு மேல் வரிசையாகப் படுக்கவைக்கலாமாம். கண்ணில் படாத அந்தப் பொடியனுக்காகத்தான் இத்தனை பெரிய மண்டபம், உலகத்து மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் இத்தனை பேர். அது எதைத் தின்னும், உடம்பில் எங்கே ஒளியும், எத்தனை காலம் செத்ததுபோல் தூங்கும் என்று சண்டை போடுகிறார்கள். ஆளைக் கண்ணால் பார்க்காமலே சாதகம் கணித்துவிடுகிறார்கள். மனுசப் பிறவியின் மூளையை நினைத்து மைக்காரனுக்கு மயிர்க்கூச்செடுத்தது.

இவர்கள் கைகுலுக்குவதில்லை. முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள். காப்பி இயந்திரத்தின் பொத்தானை விரலை மடக்கி முட்டியால் அமுக்குகிறார்கள். “தெரிஞ்சவன் படுற பாடு தெரியாதவனுக்கு இல்லண்ணே” என்று சிரித்தார் அந்த அம்மா. சிரித்தாரே தவிர, அவரும் முட்டியால்தான் அமுக்கினார்.

கூண்டில் உட்கார்ந்தால் அவருக்குச் சில வழக்கங்கள் உண்டு. காதுக்கருவியை ஒரு காதில் முழுசாகவும் மறு காதில் பாதியாகவும் மாட்டுவார். பாதிக் காது தன் குரலைத் தானே காவல் காக்க. பேசுகிறவர் கையை வீசினால் இவர் கையும் வீசும். அவர் கோபப்பட்டால் இவர் புருவம் ஏறும். கிருமிகளின் பெயர்களை முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுவார். வீட்டில் எட்டாவது படிக்கும் மகள் பல் துலக்கியபடியே பெயர் கேட்பாள், இவர் தலைவாரியபடியே பதில் சொல்வார். “அம்மா, இதுக்கெல்லாம் இப்டிப் பேரு வச்சவங்க சொந்தப் புள்ளைக்கு என்னம்மா பேரு வச்சிருப்பாங்க?” என்று ஒருநாள் கேட்டாளாம்.

வீட்டுக்காரர் துணி துவைக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவர். மனைவியை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெந்நீர்க் குடுவையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். மைக்காரனிடம் ஒருமுறை முறையிட்டார்: “வெளிய அத்தன பேருக்கும் பேசுறா. வீட்டுக்கு வந்தா ‘ம்’, ‘ம்ஹும்’ ரெண்டுதாங்க. அதையும் நான்தான் மொழிபெயர்த்துக்கணும்.”

கூண்டில் இன்னொரு நாற்காலி உண்டு. இந்த வேலையை ஒரே ஆள் தொடர்ந்து செய்தால் மூளை கருகிவிடும். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். சும்மா இருப்பவர், பேசுகிறவருக்காக எண்களையும் பெயர்களையும் தாளில் கிறுக்கி நகர்த்துவார். அந்த நாற்காலிக்காரர் பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு வந்த பருத்த மனிதர். அவருக்குப் பெயர் ‘கலாச்சார சார்’. கிருமி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் சளியையோ இரத்தத்தையோ தட்டில் வைத்து வளர்ப்பார்கள், அதற்கு ஆங்கிலத்தில் ‘கல்ச்சர்’ என்று பெயர். சார் வந்த புதிதில், ‘இந்த நோயாளியின் சளியில் கலாச்சாரம் வளரவில்லை’ என்று அடித்துவிட்டார். கருவி மாட்டியிருந்த வரிசை முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. “விடுங்க சார், சளிக்கு ஏது கலாச்சாரம், அத கண்ட எடத்துல துப்புறவங்களுக்கே இல்லியே” என்று அந்த அம்மா சொன்ன பிறகுதான் மனிதர் மறுபடி மைக்கைத் தொட்டார்.

எல்லாவற்றையும்விட மைக்காரனை அசத்தியது ஒரு விதி. பேசுகிறவர் ‘நான்’ என்றால் கூண்டிலிருப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ கிடையாது. எலிகளை வைத்து ஆராய்கிற ஒருவரின் பேச்சை அந்த அம்மா “நான் பல வருடங்களாக எலிகளோடு வாழ்கிறேன்” என்று சொன்னதை முதல் நாள் கேட்டு, ஐயோ பாவம், வீடு அப்படி இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டவன் அவன். ஒரு பகலுக்குள் அவர் எத்தனை பேராகவோ ஆகிவிடுவார். கிழவராவார், இளம் டாக்டராவார், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாவார். அவராக மட்டும் ஆக மாட்டார். கூண்டுக்குள்ளிருந்து சொந்தமாக ஒரு சொல் சேர்த்தாலும் அடுத்த மாநாட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இரண்டாம் நாள் மதியம், வழக்கமான மருந்துகள் வேலை செய்யாத காசநோய்க்கு வந்திருக்கும் புதிய மாத்திரைகளைப் பற்றிய பேச்சு. ஊசியே இல்லாத சிகிச்சை. மேடையில் அந்த மருந்துத் திட்டத்தின் தலைவி. கட்டையாக வெட்டிய நரைமுடி, நிதானமான பேச்சு, தமிழ் ஒரு சொல் தெரியாது. நோய்ப்பட்டவர்களும் பேசட்டும் என்று ஒருவரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும். தினமும் ஊசி போட்டு இப்போது சளியில் கிருமி இல்லை. ஆனால் அந்த ஊசி அவர் காதைத் தின்றுகொண்டிருந்தது. கருவியை மாட்டிய உடனே பின்னால் திரும்பி, “கொஞ்சம் சத்தம் வைங்கண்ணே” என்று கையால் காட்டினார். மைக்காரன் வைத்தான். இன்னும் என்றார். கடைசிவரை வைத்தான்.

பெயின்டர் எழுந்தார். காது மங்கியவர்கள் பேசுகிற மாதிரி தேவைக்கு மேல் உரக்கப் பேசினார். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அந்தப் புது மாத்திரை எனக்குக் கெடைக்குமா? எம் பொண்ணு இப்பதான் பேசப் பழகுறா. அவ என்ன சொல்றான்னு பாதி கேக்கல. மீதியும் போறதுக்குள்ள ஊசிய நிறுத்தணும்.”

கூண்டிலிருந்து அது ஆங்கிலமாகப் போனது. தலைவி கையிலிருந்த தாளைப் பார்த்தார். அன்பாகத்தான் சொன்னார்: முன்பு சிகிச்சையைப் பாதியில் தாமாகவே நிறுத்தியவர்களை இந்தத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. மறுபடி நிறுத்தினால் கிருமி இந்தப் புது மருந்துக்கும் பழகிவிடும். அப்புறம் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. ஏன் நிறுத்தினீர்கள்?

பெயின்டர் உற்சாகமாகத் தலையை ஆட்டினார். “அதாங்க சொல்ல வந்தேன். கிளினிக்ல நர்சம்மா என்னைய உக்காரவச்சு, ‘உங்களுக்கு எதிர்ப்பு வந்திருச்சு’ன்னாங்க. அவங்க மூஞ்சி ஏன் அப்டித் தொங்கிப்போயிருந்துச்சுன்னு எனக்குப் புரியல. நான் சந்தோசமா வீட்டுக்குப் போயி, ‘ஏய், எனக்கு எதிர்ப்பு வந்திருச்சாம்டி’ன்னேன். அவ பக்கத்து வீட்டுக்கெல்லாம் பிஸ்கட் குடுத்துட்டு வந்தா. அதுக்கப்புறம் எதுக்குங்க மாத்திர? அதான் நிறுத்திட்டேன். மறுபடி இருமல் வந்தப்புறந்தான் இந்த ஊசி.”

அந்த அம்மா பெயர்த்தார். மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று சொன்னார்கள், மகிழ்ந்தேன், நிறுத்தினேன். ஆங்கிலக் கருவிகள் மாட்டியிருந்த வரிசைகளில் புருவங்கள் சுருங்கின. அவர்கள் மொழியில் அதற்கு ஒரே பொருள்தான்: மருந்து தோற்றுவிட்டது, கிருமி ஜெயித்துவிட்டது. அதைக் கேட்டு எவனாவது பிஸ்கட் கொடுப்பானா? தலைவியின் குரல் இன்னும் மெதுவானது. “அப்படியானால் எதிர்ப்பு இருப்பது தெரிந்த பிறகும் நிறுத்தியிருக்கிறீர்கள்.”

அது தமிழாகி பெயின்டர் காதுக்கு வந்தது: எதிர்ப்பு இருப்பது தெரிந்த பிறகும் நிறுத்தினீர்கள். அவர் கண்கள் மலர்ந்தன. ஒருவழியாகப் புரிந்துகொண்டார்கள் என்கிற மாதிரி, “ஆமாங்கம்மா! ஆமா! தெரிஞ்ச பெறகுதான்!” என்றார்.

தன் கழுத்துக்குத் தானே சுருக்கை மாட்டிக்கொண்டு ஒருவர் சிரிப்பதை மைக்காரன் அன்றுதான் பார்த்தான்.

கூண்டிலிருந்து எதுவும் வரவில்லை. ஆங்கிலத் தடத்தின் விளக்கு ஒலிப்பெட்டியில் செத்துக் கிடந்தது. கம்பி கழன்றுவிட்டதோ என்று அவன் குனிந்து பார்த்தான். கம்பி சரியாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குள் அந்த அம்மா உறைந்து உட்கார்ந்திருந்தார். கலாச்சார சார் அவர் முழங்கையைத் தொட்டு, சொல்லுங்க, சொல்லுங்க என்று வாயசைத்தார்.

விளக்கு துடித்தது. வந்த குரல் பெயின்டராகவும் இல்லை, தலைவியாகவும் இல்லை. இத்தனை வருடம் ஆங்கிலப் பேச்சைக் காதில் மாட்டித் திரிந்தவனுக்கு அந்த ஆங்கிலம் நன்றாகவே புரிந்தது.

“மன்னிக்க வேண்டும். இப்போது பேசுவது கூண்டில் இருக்கும் நான். எங்கள் மொழியில் உடம்பு நோயை எதிர்ப்பதற்கும் எதிர்ப்புதான், கிருமி மருந்தை எதிர்ப்பதற்கும் எதிர்ப்புதான். ஒரே சொல். முதலாவது நல்ல செய்தி, இரண்டாவது கெட்ட செய்தி. நர்ஸ் சொன்னது கெட்ட செய்தி. இவர் கேட்டது நல்ல செய்தி. இவருக்கு நோயை வெல்லும் சக்தி வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். காலையிலிருந்து நானும் அதே சொல்லைத்தான் இவர் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.”

கலாச்சார சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கிலத் தடத்தையும் கேட்டுக்கொண்டிருந்த தமிழ்க் களப்பணியாளர்கள் வரிசையைப் பார்த்து, அப்படியா என்றார். ஒரு நர்ஸ் எழுந்தார். “ஆமா மேடம். எங்ககிட்டயும் ஒருத்தர் இப்படிச் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனாரு. அதிர்ச்சில சிரிக்கிறார்னு நெனச்சுக்கிட்டோம்.” இத்தனை வருடம், இத்தனை மருந்து, இத்தனை மூளை. கிருமி புகுந்து போக ஒரு சொல்லின் சந்து போதுமாயிருந்திருக்கிறது.

தலைவி கையிலிருந்த தாளை மடித்துவைத்தார். “இவர் நம் பேச்சை மீறவில்லை. தன் காதில் விழுந்தபடி நடந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை இந்த ஊரில் இருக்கும் எங்கள் திட்ட மருத்துவமனைக்கு வரட்டும். இரத்தமும் இதயமும் சரியாக இருந்தால் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடங்குவோம்.”

அந்த அம்மா தமிழில் சொன்னார். காலையிலிருந்து சொன்ன சொல்லை அத்தோடு தொலைத்துத் தலைமுழுகிவிட்டு, வேறு மாதிரி சொன்னார்: “உங்கள் உடம்பில் இருப்பது மருந்துக்கு மசியாத கிருமி. அது தெரியாமல் நிறுத்திவிட்டீர்கள். தப்பு உங்களுடையது அல்ல. திங்கட்கிழமை வாருங்கள். புது மாத்திரை தருகிறோம். ஊசி இருக்காது.”

பெயின்டர் காதுக்கருவியை இரு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். “மசியாததா?” என்றார். வாயைப் பொத்தினார். அன்று கொடுத்த பிஸ்கட் எல்லாம் அவர் கண்ணில் வந்து நின்றது. பிறகு, “ஊசி பத்திச் சொன்னது சரியா விழல. இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க” என்றார். ஒலிப்பெட்டியில் ஏற்றுவதற்கு மேலே இடமில்லை. மைக்காரன் மற்ற எல்லாத் தடத்தையும் இறக்கினான். அந்த அம்மா மைக்கோடு உதடு ஒட்ட, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுச் சொன்னார்.

“ஊசி. இனி. இருக்காது.”

கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குரலுக்கு உரியவர் யார் என்று தேடினார் பெயின்டர். மேடையைப் பார்த்தார். கூரையில் தொங்கிய ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு, ஒவ்வொரு முகமாகத் தாண்டிக்கொண்டு, மெல்லப் பின்பக்கம் திரும்பினார். அந்த அம்மா, அதற்குள் பேச எழுந்துவிட்ட அடுத்தவரின் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே, தன் முகம் தெரியாதபடி கை நீட்டிக் கூண்டின் விளக்கை அணைத்தார்.