ப்ளூ-ரே விற்ற பரமேஸ்வரன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மின்சாதனக் கடையில் பதினோரு வருடமாக விற்பனையாளராக இருந்தார் பரமேஸ்வரன். வீடு கிள்ளானில், தினமும் ரயிலில் வந்து போவார். 2016இல் முதலாளி ராஜன் ப்ளூ-ரே பிளேயர்களை வாங்கிக் குவித்து, விற்கும் பொறுப்பை இவர் தலையில் கட்டினார்.

வருகிறவர்கள் படத்தின் தெளிவைப் பார்த்து வாய்பிளப்பார்கள். பிறகு, "வீட்ல இருக்கிறதே நல்லாத்தான் ஓடுது" என்று கிளம்பிவிடுவார்கள். அவர்கள் மேல் இவருக்குக் கோபமே வராது. இவர் வீட்டில் ஓடுவதும் பழைய விசிடி பிளேயர்தான்.

ஒரு மாதக் கடைசியில் கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து புஷ்பவல்லி என்ற பெண்மணி வந்தார்.

"உங்க வீட்ல என்ன வச்சிருக்கீங்க, அண்ணே?"

ராஜன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதேதான்கா. பழைய டிஸ்க் எல்லாமே ஓடும்."

புஷ்பவல்லி ஒன்றை வாங்கிப் போனார். மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "படமே வரல அண்ணே. நீங்களே வந்து பாருங்க லா."

ஞாயிற்றுக்கிழமை போனார். முன்னறையில் கட்டில். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன புஷ்பவல்லியின் கணவர் ரெங்கசாமி படுத்திருந்தார். எதிரே பழைய குண்டு டிவி. புது ஒயரைச் செருக அதில் இடமே இல்லை. புது ஒயரைப் பழைய டிவியோடு இணைக்கக் கையோடு கொண்டுபோன கன்வெர்ட்டரை மாட்டியதும் திரை நீலமாக ஒளிர்ந்தது. புஷ்பவல்லி மகளின் கல்யாண விசிடியைப் போட்டார். ப்ளூ-ரே பெட்டி அதை உள்ளே இழுத்து, கொஞ்சம் முனகி, வெளியே தள்ளியது. மூன்று முறை போட்டும் அப்படியே. சுவர் அலமாரி நிறைய விசிடிகள் அடுக்கியிருந்தன.

"பழைய பிளேயர் எங்கக்கா?"

"எல்லாம் ஓடும்னு சொன்னீங்களே. பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன்."

"வரலயா?" என்று குழறினார் ரெங்கசாமி. அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரமேஸ்வரன் வீட்டுக்குப் போய்த் தன் பிளேயரைக் கழற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களைச் செருகினார். நாதஸ்வரம் ஒலித்தது. ரெங்கசாமியின் இடக்கை போர்வை மேல் தாளம் போட்டது.

"எங்க வீட்ல இருந்தது இதுதான்கா. அன்னைக்குப் பொய் சொன்னேன்."

"உண்மைய சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேனே."

"தெரியும்கா. அதனாலதான் சொல்லல."

புஷ்பவல்லி அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை பரமேஸ்வரன் ராஜனிடம் அந்த ப்ளூ-ரே பெட்டியைத் திரும்ப எடுக்கச் சொன்னார். பிரித்த சாமானை எடுக்க முடியாது என்றார் ராஜன். அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் பரமேஸ்வரன் முதலில், "வீட்ல என்ன டிவி? என்ன டிஸ்க்?" என்று விசாரிக்கத் தொடங்கினார். விசிடி என்றால் இதில் ஓடாது என்று சொல்லிவிடுவார். பதிலைச் சொன்னவர்கள் ஒருவரும் வாங்கவில்லை.

"கேள்வி கேக்காம வித்துட்டுப் போங்க. முடியலன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்றார் ராஜன்.

ஐம்பத்திரண்டு வயதில் வேறு எங்கே போவது? ராஜன் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் மட்டும் பரமேஸ்வரன் உண்மையைச் சொன்னார். மற்ற நேரமெல்லாம், எல்லா டிஸ்க்கும் ஓடும் என்றார். சொல்லும்போது மட்டும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.